அடுக்களைக்குள் ஓர் ஊற்று

1937ஆம் வருடம் ஐப்பசி இருபதாம் தேதி காலையில், அடுக்களை ஊற்றிலிருந்து நாகம்மை கோரி வைத்த தண்ணீரின் அடியில் மண் படிந்திருந்தது.

கொஞ்சம்தான். விரலால் தொட்டு எடுத்தால் நகக்கண்ணுக்குள் அடங்கிவிடும். செம்பிலோ பானையிலோ கோரியிருந்தால் தெரிந்தே இருக்காது. அன்றைக்குச் செம்புகள் எல்லாம் கழுவாமல் கிடந்ததால், உறியில் இருந்த பாட்டாவின் பீங்கான் கிண்ணத்தை எடுத்திருந்தாள். பாலைப் போல வெள்ளைக் கிண்ணம். அடுப்பை மூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அதன் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு.

நாகம்மைக்கு வயது இருபத்தைந்து. ஆரல்வாய்மொழியில் வாழ்க்கைப்பட்டவள். அம்மா பகவதியம்மாள் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள் என்று ஆள் வந்து சொன்னதால், பத்து நாளுக்கு முன் அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, நாற்பத்தொரு நாள் அசையக்கூடாது என்று சொல்லிப் போயிருந்தார். அடுக்களையை ஒட்டிய அறையில் அம்மா கட்டிலோடு கிடந்தாள். ஐந்து நாளாக மழை விடவில்லை.

வீடு குளத்தடியில் இருந்தது. அடுக்களையின் பின்சுவரிலிருந்து இருபது அடி நடந்தால் குளத்துக் கரையின் அடிவாரம். அங்கிருந்து கரை இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கும். கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர். அது இப்போது நாகம்மையின் தலைக்கும் மேலே, கூரையின் ஓலை விளிம்புக்குச் சரியாக நின்றுகொண்டிருந்தது. இந்த வீட்டுக்குக் கீழே, சரிவில், இன்னும் பதினான்கு வீடுகள்.

அவள் கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி கோரினாள். காத்திருந்தாள். மறுபடியும் அந்தப் பொட்டு.

அந்தக் கிண்ணம் கோட்டாற்றுச் சந்தையில் வாங்கியது. அப்பாவைப் பெற்ற பாட்டா முத்துநாயகம் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அதுதான். மழை மாதங்களில் தினமும் காலையில் முதல் தண்ணீரை அதில் கோரி, முற்றத்து வெளிச்சத்தில் வைத்துவிட்டு வெற்றிலை போடுவார். வெற்றிலையைத் துப்பிய பிறகு கிண்ணத்துக்குள் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் குடிப்பார். 'பனையேறிக்குத் துரை வாழ்க்கை. பீங்கான் இல்லாமல் தண்ணி இறங்காது' என்று ஊரே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பனையேற்று இல்லாத மாதங்களில் அவர் வீடு கட்டினார். ஒரே வீட்டைப் பதினான்கு வருடம் கட்டினார். முத்துநாயகம் வீட்டுக்குக் கூரை உண்டு, முடிவு கிடையாது என்பார்கள். எதையும் வீணாக்காத மனிதர். பட்டுப்போன பனையை வெட்டினால், வெளிப்புறத்துக் கறுப்பு வைரத்தைப் பிளந்து கூரைக்குப் பனங்கை ஆக்குவார். பனையில் பலம் எல்லாம் ஓரத்தில்தான்; நடுவில் இருப்பது வெறும் சோறு. அந்தச் சோற்றைத் தோண்டி எறிந்துவிட்டால் அரைவட்டமாக ஒரு ஓடை கிடைக்கும். அப்படிப்பட்ட ஓடைகளை ஒன்றின் வாய்க்குள் ஒன்றாகச் செருகி, அடுக்களையிலிருந்து தென்னைகள் வரைக்கும் மண்ணுக்கடியில் தண்ணீர் கொண்டுபோனார். கடற்கரையிலிருந்து சிப்பி வாங்கிச் சுட்டு, அந்தச் சுண்ணாம்பில் கருப்பட்டித் தண்ணீர் விட்டு அரைத்துப் பூசிய சுவரில் இன்றைக்கும் ஆணி இறங்காது.

எல்லாவற்றுக்கும் மேலே பேர் வாங்கியது அடுக்களை ஊற்றுதான். சுற்று வட்டாரத்தில் அடுப்புக்குப் பக்கத்திலேயே தண்ணீர் ஊறுகிற வீடு வேறு கிடையாது. மூலையில் ஒரு கல் தொட்டி. அதன் அடியிலிருந்து தண்ணீர் தானாக எழும்பும், மிஞ்சியது பனை ஓடை வழியே தென்னைக்குப் போகும். மழைக்காலத்தில்தான் ஊறும், கோடையில் காய்ந்துவிடும்.

நாகம்மை தொட்டியின் ஓரத்தில் குந்தி உள்ளே எட்டிப் பார்த்தாள். தண்ணீர் எழும்பும் இடத்தைச் சுற்றிச் சிறிய எறும்புப் புற்று மாதிரி மண் குவிந்து, உச்சியில் ஒரு வாய் திறந்திருந்தது. அந்த வாய் மண்ணைக் கக்கிக்கொண்டே இருந்தது. அவளுக்கு நினைவு தெரிந்த நாளில் அந்தத் தொட்டிக்குள் மண்ணே கண்டதில்லை. கல்தான் தெரியும்.

"ஏலே ராஜா, இஞ்ச வா."

தம்பி வைகுண்டராஜன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தொழுவத்திலிருந்து வந்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. இப்போது வீட்டுக்குப் பெரியவன் அவன்தான்.

"இதுக்குள்ள கல்லு கிடந்துதே, எங்க?"

"சித்திரையில வாரிப் போட்டாச்சு. குளத்துக்குத் தூர் வாருகோம், கிணத்துக்கு வாருகோம். இதுக்கு மட்டும் என்ன கேடு? பாதி அடைஞ்சு கிடந்துது. இப்பம் பாரு, ரெண்டு மடங்கு தண்ணி." அவன் குரலில் பெருமை இருந்தது. சித்திரையில் தூர் வாராத வீட்டுக்காரனை அந்த ஊர் மனிதனாகவே மதிக்காது.

"எப்படிலே கிடந்துது?"

"கல்லு கல்லாட்டுதான் கிடந்துது. பின்ன என்ன, கும்பிட்டுக்கிட்டா கிடக்கும்?"

"மேல என்ன கிடந்துது, கீழ என்ன கிடந்துது, அதைச் சொல்லு."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "மேல கைப்பிடிக் கல்லு. அதுக்குக் கீழ சரளை. பிறகு பெருமணல். அடியில பொடிமணல், மாவு மாதிரி. எந்தக் கழுதை கொண்டு கொட்டுச்சோ."

"குப்பை அப்படி அடுக்காட்டு விழுமா மக்கா?"

அவனும் குனிந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

கீழேயிருந்து வருகிற தண்ணீர் தன்னோடு மண்ணை இழுத்து வரப் பார்க்கும். பொடிமணல் அந்த மண்ணை விடாது. பொடிமணல் மேலே கிளம்பாமல் பெருமணல் பிடித்துக்கொள்ளும், பெருமணலைச் சரளை பிடித்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கல் தன் கனத்தால் அமுக்கிக்கொள்ளும். தண்ணீர் மட்டும் இடுக்கு வழியாக நழுவி மேலே வரும், தெளிவாக. சோறு வடிக்கிற பெண்ணுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். நாகம்மை அதை மனதுக்குள் ஒரு தரம் அடுக்கிப் பார்த்தாள். அடுக்கியவர் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. தடுக்க வேண்டிய அளவுக்கு எந்த மண் வந்தது என்பதுதான் புரியவில்லை.

கையை உள்ளே விட்டாள். முழங்கை வரைக்கும் போனது. தோள் வரைக்கும் போனது. விரல் நுனியில் கல்லின் விளிம்பு தட்டியது. அது பாறை இல்லை, உளியால் கொத்திய விளிம்பு. தடவிக்கொண்டே போனால் அது வளைந்து வட்டமாகத் திரும்பியது. வட்டத்துக்குள்ளிருந்து வந்த தண்ணீர் மணல்மணலாக அவள் விரல்களில் அடித்தது.

அப்போதுதான் அந்தக் குழி அவளுக்கு நினைவு வந்தது.

1921, ஆடி மாதம். அவளுக்கு ஒன்பது வயது. அடுக்களைக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த பாட்டாவின் கடப்பாரை எதிலோ ணங்கென்று மோதியது. அவர் குப்புறப் படுத்துக் கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டார். விட்ட கையை எடுக்கவில்லை. தலையைத் திருப்பிக் கரையைப் பார்த்தார், வெகு நேரம். கருப்பட்டித் தண்ணீர் கொண்டுபோன நாகம்மை, "என்ன பாட்டா?" என்று கேட்டாள். அவர் முகத்தில் மண் அப்பியிருந்தது. "ஊத்து மக்கா" என்றார். "அடுக்களைக்குள்ளேயே ஊத்து." சிரித்தார். ஆனால் வெயில் சாயும் வரைக்கும் அந்தக் குழியைவிட்டு ஏறவில்லை.

அது ஊற்று இல்லை. மடையின் வாய்.

குளத்தில் மடை எப்படி வேலை செய்யும் என்பது குளத்தடிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். கரைக்கு அடியில் கல் வைத்துக் கட்டிய ஒரு சுரங்கம். குளத்துக்குள் இருக்கும் முனையில் வட்டத் துளை, அதில் உட்கார ஒரு அடைப்பு. அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் சுரங்கத்துக்குள் புகுந்து, கரைக்கு வெளியே இருக்கும் வாய் வழியாக வயலுக்குப் பாயும். இந்தக் குளத்துக்கு மடை வடக்கு ஓரத்தில் இருக்கிறது. அதைக் கட்டுவதற்கு முன்னால் வேறொன்று இருந்திருக்க வேண்டும். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் அதைக் களிமண்ணால் அடைத்து, மேலே கரையை உயர்த்தி, மறந்துபோயிருக்க வேண்டும். பாட்டா வீடு கட்ட இடம் தேடியபோது, யாரும் வேண்டாத இடம் என்று இது மட்டும் கிடைத்தது. அவர் போட்ட அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி அந்தப் பழைய மடை திறந்திருந்தது. ஊரில் சொல்லியிருந்தால் மண்ணை நிரப்பி மூடி, இங்கே யாரும் குடியிருக்கக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். போவதற்கு அவருக்கு வேறு இடம் இல்லை. அப்பா அப்போதுதான் செத்திருந்தார். மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் அவர் கையில்.

சொல்லாமல் விட்டார். அதன் பிறகு பதினான்கு வருடம் கட்டினார்.

நாகம்மை அடுக்களையின் பின்வாசலில் நின்று மழைக்குள் பார்த்தாள். கரையின் அடியோடு ஒட்டிக் கட்டிய தொழுவம். அதற்கு ஒரு முழத் தடிப்பில் கல் தளம். 'மாட்டுக்கு அரண்மனையா முத்துநாயகம்?' என்று கேட்டவர்களுக்கு, 'மாடு வழுக்காம நிக்கணும்லா' என்பார். அந்தக் கல் அத்தனையும் கரையின் காலை நகரவிடாமல் மிதித்துக்கொண்டிருந்தது. சரிவு நெடுக வெட்டிவேர், வாசனைக்கு என்று நட்டது. அதன் வேர் ஆள் ஆழத்துக்கு இறங்கி மண்ணைப் பின்னும். அப்புறம் நேர்ச்சை, சாமிக்கு வேண்டுதல். ஒவ்வொரு வருடமும் ஐப்பசி முதல் தேதி கூடை கூடையாகக் களிமண் சுமந்து, குளத்துக்குள் முங்கி முங்கி எழுவார். அய்யாவுக்கு நேர்ந்துகொண்டது என்பார். நேர்ச்சையில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். குளத்துக்குள் இருந்த அந்தப் பழைய மடையின் மறுமுனையைத்தான் அவர் வருடந்தோறும் அடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் செத்து மூன்றாவது ஐப்பசி இது. களிமண் போட ஆள் இல்லை. கீழே அடுக்கியிருந்ததையும் தம்பி அள்ளி எறிந்துவிட்டான்.

அவள் சொல்லி முடித்தபோது வைகுண்டராஜன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி முத்துக்கனி அடுப்பைப் பார்த்தபடி அழ ஆரம்பித்தாள்.

"கல்லைத் திரும்பப் போட்டிருவோம்" என்றான். "நாமளே போடுவோம். யாருக்கும் தெரியாண்டாம்."

"ரெண்டு பேரு போட்டா காணுமாலே? அங்க குளத்துத் தண்ணியை இறக்கணும். மடைக்காரர் மாமாகிட்ட சொல்லணும்."

"சொன்னா வீட்டைப் பிரிச்சுப் போட்டுருவானுவ அக்கா! பாட்டா கட்டின வீடு. அம்மையை எங்க கொண்டு கிடத்துவ? உனக்கென்ன, ஆரல்வாய்மொழிக்குப் போயிருவ."

"என்னட்டி அங்க குசுகுசுப்பு?" உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கால்தான் ஒடிஞ்சிருக்கு. காது ஒடியல்ல."

நாகம்மை உள்ளே போய்க் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பகவதியம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சாகதுக்கு முன்ன நாக்கு விழுந்து, பேச்சில்லாம கிடந்தாருல்லா உன் பாட்டா" என்றாள் கடைசியில். "பத்து நாளு. இடது கையைத் தூக்கி அடுக்களையைக் காட்டுவாரு. தாகமாக்கும்னு நான் ஊத்துத் தண்ணி கொண்டு கொடுப்பேன். கிண்ணத்துக்குள்ள பாத்துட்டுக் குடிப்பாரு. குடிச்சிட்டு மறுபடியும் கையைத் தூக்குவாரு. நான் மறுபடியும் கொண்டு கொடுப்பேன்." அடுக்களைப் பக்கம் தலையைத் திருப்பினாள். "எத்தனை கிண்ணம் கொடுத்தேன்னு எனக்கே தெரியாது."

"அம்மா, வீடு..." என்றான் வைகுண்டராஜன்.

"கீழ பதினாலு வீட்டுலயும் பிள்ளையள் கிடக்குலே. கட்டிலைத் தூக்க முதல்ல நாலு ஆளு கூப்பிடு. ஏட்டி, நீ எதுக்கு இன்னும் இருக்க? போ."

கரைமேல் ஏறும்போது மண் காலுக்குக் கீழே சோறு மாதிரி குழைந்தது. மடைக்காரர் கிருஷ்ணமணி ஓலைக்குடையின் கீழே நின்று, நிறைந்த குளம் மறுகால் வழியாக வழிந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி நாகம்மா, ஆரல்வாய்மொழிக் காத்து பத்தாதுன்னு மழை குடிக்க வந்தியா?"

"மாமா, எங்க அடுக்களைக்கு நேரா குளத்துக்குள்ள பாருங்க."

அவர் பார்த்தார். மழைத்துளி விழுந்து நெளியும் தண்ணீரில், கரைக்குப் பத்தடி தள்ளி, ஒரு தேங்காய்த் தொண்டு மிதந்தது. அது காற்றுக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. பக்கத்தில் வந்த ஒரு இலையும் அதோடு சேர்ந்து சுற்றியது. சுற்றிச் சுற்றி, இலை சட்டென்று உள்ளே போய்விட்டது.

கிருஷ்ணமணியின் குடை சாய்ந்தது. "அங்கதான் உன் பாட்டா நேர்ச்சைக்கு முங்குவாரு" என்றார்.

"நேர்ச்சை இல்லை மாமா."

அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறியது, பிறகு சிவந்தது. "முப்பது வருஷம் இந்தக் கரையைக் காக்கேன். என் காலுக்குக் கீழ இப்படி ஒண்ணை ஒளிச்சு வச்சிருந்தானே அந்தக் கிழவன்! தினமும் எனக்கு வெத்திலை வேற தந்தானே!" என்று கத்தினார். கத்திக்கொண்டே வடக்கு மடையைத் திறக்க ஓடினார்.

மடையை முழுதாகத் திறந்தாலும் அத்தனை பெரிய குளம் ஒரு சாண் இறங்க ஒரு பகல் ஆகும். அதுவரைக்கும் அடுக்களை தாங்க வேண்டும். முதலில் பகவதியம்மாளைக் கட்டிலோடு தூக்கி மேட்டில் இருந்த பதிக்கு, அய்யாவின் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். கீழ்வீடுகளிலிருந்து பிள்ளைகளும் ஆடுகளும் அவள் பின்னாலேயே ஏறின. பிறகு ஆண்கள் அடுக்களைக்குள் நெருக்கியடித்து வந்தார்கள். அதற்குள் தொட்டியில் தண்ணீர் காவி நிறத்துக்கு மாறி, விளிம்பைத் தாண்டி வழிந்தது.

குமாரதாஸ் என்ற கொத்தனார் ஒரு அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தள்ளுங்க. வாயில இதை வச்சு அடைச்சாப் போதும்."

"அடைக்காதீங்க அண்ணாச்சி" என்று நாகம்மை குறுக்கே நின்றாள். "இங்க அடைச்சா அந்தத் தண்ணி வேற இடத்துல கிளம்பும். அது எங்கன்னு தெரியுமுன்ன கரை போயிரும். தண்ணியை விடணும். மண்ணைத்தான் விடப்பிடாது."

"கரை கட்டுகது பொம்பளைக்கு என்ன தெரியும்?"

"பாட்டா அடுக்கி வச்சிருந்தது தெரியும். பதினாறு வருஷம் நின்னுது."

கிருஷ்ணமணி மழையில் நனைந்தபடி வாசலில் வந்து நின்றார். "அவ சொல்லுகதைச் செய்யுலே" என்றார்.

பொடிமணலை முத்துக்கனியும் மற்றப் பெண்களும் ஓடைக்கரையிலிருந்து நார்ப்பெட்டிகளில் சுமந்து வந்தார்கள். முதல் பெட்டியைக் கொட்டியதும் தண்ணீர் அதைத் தூக்கி எறிந்தது. பத்தாவது பெட்டியையும் எறிந்தது. வேகம் அடங்காமல் மணல் உட்காராது என்று நாகம்மைக்குப் புரிந்தது. தொட்டியைச் சுற்றி மண் மூட்டைகளை இடுப்பளவுக்கு அடுக்கச் சொன்னாள். மூட்டை வளையத்துக்குள் தண்ணீர் உயர உயர, அதன் கனமே கீழேயிருந்து வருவதை அமுக்கியது, கொதிப்பு தளர்ந்தது. இருபதாவது பெட்டி மணல் உட்கார்ந்தது. அதன்மேல் பெருமணல். சேற்றுக்காக வைகுண்டராஜன் நடைபாதையில் கொட்டியிருந்த பாட்டாவின் சரளையைப் பெண்கள் கையால் பொறுக்கிக் கழுவிக் கொடுத்தார்கள்.

மேலே போடக் கல் இல்லை. சித்திரையில் வாரிய கைப்பிடிக் கல் எல்லாம் எங்கோ சேற்றுக்குள் புதைந்துபோயிருந்தது.

"தொழுவத்துக் கல்லை எடுப்போமா?" என்று குமாரதாஸ் கேட்டார்.

"அதைத் தொடாதீங்க. அதுதான் கரைக்குக் கால்."

எல்லோரும் சும்மா நின்றார்கள். மூட்டைகளுக்குள் சரளை மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது. வைகுண்டராஜன் மூலையில் சாத்தியிருந்த பாட்டாவின் கடப்பாரையை எடுத்தான். அடுக்களையின் கிழக்குச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, ஓங்கிக் குத்தினான். கருப்பட்டிச் சுண்ணாம்பு தீப்பொறி விட்டது. ஒரு துளிகூடப் பெயரவில்லை.

"என்ன கட்டு கட்டியிருக்காரு, பாவி மனுஷன்!" என்று அழுதுகொண்டே மறுபடி குத்தினான். குமாரதாஸ் இன்னொரு கடப்பாரையோடு பக்கத்தில் போய் நின்றார். முதல் கல் விழ வெகு நேரம் ஆனது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கையிலிருந்து கை மாறி அவை தொட்டிக்குள் இறங்கின. மதியத்துக்குள் கிழக்குச் சுவர் போயிற்று. வடக்குச் சுவரும் பாதி போயிற்று. பனங்கைகள் ஒரு பக்கம் தொங்க, ஓலை சரிந்து, மழை நேராக அடுப்பின்மேல் விழுந்தது.

நாகம்மை மூட்டைகளுக்கு மேலே வழிந்த தண்ணீரைப் பீங்கான் கிண்ணத்தில் பிடித்து, விழாமல் நின்ற சுவரின் இடுக்கில் வைத்தாள். கிருஷ்ணமணி மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். போடாமல் கையிலேயே வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் குனிந்து பார்த்தாள். அடியில் கிண்ணத்தின் வெள்ளை மட்டும் தெரிந்தது.

"தெளிஞ்சிருக்கு" என்றாள்.

"இன்னைக்கு" என்றார் கிருஷ்ணமணி. "கோடையில குளம் வத்தினதும் இந்த இடத்தைத் தோண்டிச் சுரங்கம் முழுக்க அடைக்கணும். வீடு நிக்காது மக்கா. நான் மேல சொல்லாம இருக்க முடியாது. இதுவரைக்கும் ஒருத்தன் சொல்லாம இருந்தது போதும்."

வைகுண்டராஜன் தலையாட்டினான். அவன் உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன.

அக்காவும் தம்பியும் கரைமேல் ஏறிப் பார்த்தார்கள். தண்ணீர் நாலு விரல் இறங்கியிருந்தது. தேங்காய்த் தொண்டு இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது. சுற்றுவதை நிறுத்தவில்லை, முன்பைவிட மெதுவாகச் சுற்றியது.

"அக்கா, பாட்டா எத்தனை கூடை போடுவாரு?"

"இருபத்தொண்ணு."

"இருபத்தொண்ணு போட்டா இந்தச் சுழி நிக்குமா?"

அவளுக்கு நினைவு இருந்தது. நேர்ச்சை முடிந்து ஈரத்தோடு வருகிற பாட்டா அன்றைக்கு மட்டும் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்குவார். மறுநாள் விடிந்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போவார்.

"களிமண் எங்க கிடைக்கும்னு பாரு" என்றாள் நாகம்மை. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடை எடுக்க இறங்கினான். அவள் சுவர் இல்லாத அடுக்களைக்குத் திரும்பி வந்தாள். கிண்ணத்தைக் கவிழ்த்து, புதிதாக மறுபடி தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, அது தெளியக் காத்திருந்தாள்.